அமலோற்பவத்துக்கு நான் சொன்ன தப்பான அர்த்தம்

மகனே,

கோயில் துணிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள் என்று ராயபுரத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. கண்ணில் புரை விழுந்ததால் நீக்கினார்கள் என்கிறார்கள் சிலர். சாமியாரோடு சண்டை போட்டதால் என்கிறார்கள் வேறு சிலர். இங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கு வந்த யாராவது இதை உன் காதில் போட்டிருந்தால் நம்பாதே. என்னை யாரும் நீக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் என் இடுப்பில் இருந்த அலமாரிச் சாவியை மாதா சபைக் கூட்டத்தில், எல்லோரும் பார்க்க, நானே அவிழ்த்துக் கொடுத்தேன். கண்ணில் புரை இருப்பது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. காரணத்தை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதன் பிரதி ஒன்றை நம் பங்கின் மாதத் தாளில் போடச் சொல்லிச் சாமியாரிடமும் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பற்றி நான் முன்பு சொன்னதை ஊர் கேட்டது. இதையும் ஊர் படிக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தீக்காயத் தழும்பு. "இன்ஸ்பெக்டரோட அம்மா நீதானம்மா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் என்னை நீ என்று அழைத்தால் நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். அப்படித்தான் பார்த்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் பெயர் ஏழுமலை என்றும், வீடு வியாசர்பாடியில் என்றும், திருவொற்றியூரில் நீ வேலை பார்த்த இரும்பு வார்ப்படப் பட்டறையில் உன் பகுதியிலேயே இருந்தவர் என்றும் சொன்னார். அச்சிலிருந்து வரும் இரும்பில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டி உதிர்த்து, பிசிறை ராவிச் சுத்தம் செய்வது அவர் வேலை. அவர் சுத்தம் செய்து வைத்ததைச் சுத்தியால் தட்டிக் கேட்டு, சரி என்று கையெழுத்துப் போடுவது இன்ஸ்பெக்டரான உன் வேலை. இவ்வளவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வருடம் நீ அங்கே போய்வந்தாய். நான் உன் சட்டைக் காலரில் இருந்த கரியைத் தேய்த்துத் துவைத்தேனே தவிர, அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை.

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. "ஒக்காந்துகினு சொல்ற விசயம் இல்லம்மா," என்றார். "உன் புள்ளைக்கு வேலை பூட்ச்சே, அது என்னால."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறாக இருந்தால் நீ திருத்து. அந்த வாரம் லாரிகளுக்கான பிரேக் டிரம் நிறைய அனுப்பவேண்டியிருந்தது. வார்த்ததில் சிலவற்றில் காற்றுக் குமிழி வெடித்துத் துளை விழுந்திருந்தது. அவற்றை உடைத்து மறுபடி உருக்கவேண்டும். மேஸ்திரியின் நெருக்கடிக்குப் பயந்து, ஏழுமலை இரும்புத் தூளையும் அரக்கையும் காய்ச்சிக் குழைத்துத் துளைகளை அடைத்து, மேலே கரி பூசிவிட்டார். நீ கையெழுத்துப் போட்டாய். ஒரு லாரி சரக்கு எண்ணூருக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம், மீதிச் சரக்கு வெயிலில் கிடந்தபோது, ஒரு டிரம்மிலிருந்து அரக்கு உருகி வழிந்திருப்பதை நீ பார்த்தாய். உள்ளே போய் யாரிடமும் பேசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் எண்ணூருக்கே போய், அங்கே சரக்கை வாங்கி வைத்திருந்தவர்களிடம், இதை லாரியில் மாட்டாதீர்கள், நான் தவறாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னாய். திரும்பி வந்து மேனேஜரிடமும் அதையே சொன்னாய்.

"மேனேஜரு கேக்கசொல்ல நான் பத்தடி தள்ளி நின்னுகினு இருந்தேன்," என்றார் ஏழுமலை. "எவன்டா அடச்சதுன்னு கத்துறாரு. உன் புள்ள என்னியே பாத்துகினு நின்னான். தெரியும்மா அவனுக்கு. அந்த ராவல் என் கை ராவல்னு தெரியும். பேர் சொல்லல. தட்டிப் பாக்காம கையெழ்த்து போட்டது என் தப்பு சார்னு மட்டும் சொன்னான். எனக்கு மூணு பொண்ணும்மா. நான் வாயத் தொறக்கல."

இரண்டு வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு முந்தின மாதம்தான் அந்த வேலையை விட்டாராம். இப்போது எம்.கே.பி. நகரில் மைத்துனனின் சின்னப் பட்டறையில் இருக்கிறார். இனி பயமில்லை என்று வந்துவிட்டார். நீ அவருக்கு அவ்வப்போது கார்டு போடுகிறாய் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அவருக்குக் கார்டு நிறைய எழுதுகிறாய், எனக்கு நலம் என்று ஒரு வரி. அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். அவர் உன்னைக் கேட்டிருப்பார்.

நான் கேட்கவில்லை. கவனக்குறைவுக்காக வேலையிலிருந்து நீக்கியிருப்பதாகத் தட்டெழுத்தில் வந்த தாளை நீ என் முன்னால் மேசைமேல் வைத்தாய். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்ததைக்கூட நான் கவனித்தேன். என்ன நடந்தது என்று உன்னைக் கேட்கவில்லை. "நம் வீட்டில் இதுவரை ஒரு அப்பழுக்கு உண்டா?" என்று மட்டும் கேட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதோடு நான் நிறுத்தவும் இல்லை. அடுத்த வாரம் அமலோற்பவ மாதா திருநாள். மாதா சப்பரத்தின் முன்பக்க வலது தோள், துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்த உன் அப்பாவுடையது. அவர் இறந்த வருடத்திலிருந்து உன்னுடையது. நான் சாமியாரிடம் போய், இந்த வருடம் என் மகனைச் சப்பரம் தூக்க விடவேண்டாம், அவன் வேலையில் தவறு செய்து நீக்கப்பட்டிருக்கிறான் என்று சொன்னேன். மாதா சபைப் பெண்களிடமும் அதையே சொன்னேன். பிறர் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிட்டால் எங்கள் குடும்பம் எவ்வளவு கறாரானது என்று ஊருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ கூட்டத்தோடு நின்று சப்பரம் போவதைப் பார்த்தாய். மறுநாள் காலை விசாகப்பட்டினத்துக்கு வண்டி ஏறிவிட்டாய். நான்தான் உன்னைத் துரத்தினேன் என்று சிலர் சொன்னார்கள். அவனாகத்தான் போனான் என்று இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஏழுமலை கடைசியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சுவரில் இருந்த மாதா படத்தின் அடியில் அமலோற்பவ மாதா என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்னாம்மா பேரு இது, வாயிலயே நுழைய மாட்டேங்குது," என்றார். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் நடத்தியவள் நான். இதற்குப் பதில் சொல்ல யோசிக்கத் தேவையில்லை. மலம் என்றால் இன்று நாம் நினைப்பது மட்டுமில்லை, பழைய வழக்கில் எந்த அழுக்குக்கும் கறைக்கும் அந்தப் பெயர் உண்டு, அது இல்லாதது அமலம், நம் தெருவில் இருக்கும் நிர்மலா, விமலா, அமலா மூவருக்கும் ஒரே பொருள்தான் என்று ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடித்திருந்தது. கடைசிப் பெண்ணின் பெயர் நிர்மலாவாம், வீட்டில் அதுதான் அதிகம் கலீஜ் பண்ணும் என்றார். உற்பவம் என்றால் உருவாவது. அமலோற்பவ மாதா என்றால் தாய் வயிற்றில் கருவாகும்போதே மாசில்லாமல் உருவானவர் என்று அர்த்தம் என்றேன். பிறகு, ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்வதையும் சேர்த்துச் சொன்னேன்: அதாவது, ஒரு தவறும் செய்யாமல் அவ்வளவு கவனமாக இருந்தவர்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கருவுல இருக்கசொல்லவே சரியா கீதுன்னா, அதுல அவங்க கவனம் எங்கம்மா கீது? அது குட்த்தது." பிறகு சிரித்தார். "எங்க பட்டறையில அப்டி ஒண்ணு வந்துச்சுன்னா கற்பூரம் கொளுத்திக் கும்புடுவோம். எனக்கு ராவற வேலையே இல்ல. ஆனா பதினஞ்சு வருசத்துல ஒண்ணு பாத்ததில்லம்மா. துளை இல்லாத வார்ப்பு ஏது? எங்க கீது, எம்மாம் ஆழம், அதத்தான் பாக்கணும். பாத்தா சாக்பீஸால சுத்திக் காட்டணும். உன் புள்ள சுத்திக் காட்டுவான்."

அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னார். எனக்கோ அந்தச் சொல்லை மறுபடி பிரித்துப் பார்க்கவேண்டியதாயிற்று. நான் தினமும் செபத்தில் சொல்கிற சொல். கான்வென்டில் லத்தீனில் படித்தேன், கறையற்றவள் என்று. தமிழில் அதற்கு ஒரு சொல் உண்டாக்கியவர்கள் கறை இல்லை என்பதோடு நிறுத்தாமல், உருவாதல் என்பதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது பாதிதான் சொல்லின் முதுகெலும்பு. அது ஒருவர் தேய்த்துத் தேய்த்துச் சம்பாதிக்கிற சுத்தத்தைப் பற்றிய சொல்லே இல்லை. கேட்காமல், எதுவும் செய்வதற்குமுன், தொடக்கத்திலேயே தரப்பட்ட ஒன்றைப் பற்றியது. நான் அதை எடுத்து, என் வாயில் எப்போதும் இருக்கும் அப்பழுக்கு என்ற சொல்லோடு ஒட்டவைத்துவிட்டேன். அப்பழுக்கு என்பதை அப்பிக்கொள்கிற அழுக்கு என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்து ஒட்டுவது, கவனமாக இருந்தால் ஒட்டாதது, ஒட்டினால் நம் குற்றம். மாதாவுக்குத் தரப்பட்டதை உன்னிடம் கடனைப்போல வசூலித்தேன்.

இப்போது அந்தப் பார்வைக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், உனக்கு எட்டு வயது. திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல். பெரிய பீடத்தின் துணியை, கன்னியர்கள் ஓரம் முழுக்கப் பின்னல் போட்டுக் கொடுத்ததை, நான் கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முன்பல் ஒன்று விழுந்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீ ஓடிவந்து காட்டினாய். நான் பார்த்தேன். சிரித்தேன்கூட. திரும்பினால், பெட்டியின் மூக்கு அளவுக்குத் துணியில் பழுப்பாகக் கருகியிருந்தது. உன்னை அறைந்தேன். உன்னால்தான் என்றேன். பல் எங்கோ உருண்டுபோயிற்று, நீ அதைத் தேடவும் இல்லை. பிறகு நான் வெள்ளை நூலை எடுத்து, அந்தக் கருகலின் மேல் ஒரு லீலிப் பூவைப் பின்னினேன். ஒருபக்கம் மட்டும் பூ இருந்தால் சந்தேகம் வரும் என்று மறுகோடியிலும் ஒன்று பின்னினேன். யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

மறுநாள் பூசைக்குமுன், எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியர் வந்து துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம். பூவுக்கு அடியில் ஒரு சிறு வெள்ளைத் துணியும் வைத்துத் தைத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பழுக்கில்லாத வேலை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நீ என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் என்னைக் கேட்டாய், அமலோற்பவம் என்றால் என்னம்மா என்று. என்றைக்கும் தவறே செய்யாதவர், நீயும் அப்படி இருக்கவேண்டும் என்றேன். உன் கன்னத்தில் என் விரல் பதிந்த சிவப்பு இன்னும் இருந்தது.

ஆகவே வேலை போன அன்று, இந்த வீட்டில் அப்பழுக்கு உண்டா என்று நான் கேட்டபோது, நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூ என்று சொன்னால் போதும். நீ சொல்லவில்லை. ஏழுமலையின் பெயரைச் சொல்லாதது போலவே இதையும் சொல்லவில்லை. துளையை அடைத்தவர் அவர், கருகலை மூடியவள் நான். எங்கள் இருவரையும் நீ காப்பாற்றினாய். சொல்லவேண்டிய ஒன்று உன்னுடையதாக இருந்தபோது மட்டும் எண்ணூர் வரை சைக்கிள் மிதித்துப் போய்ச் சொன்னாய். இதை நான் உனக்குக் கற்றுத்தரவில்லை. நான் கற்றுத்தந்தது பூ பின்னுவதை. நீ எங்கிருந்து கற்றாயோ தெரியாது, ஒருவேளை அதுவும் குட்த்ததுதானோ என்னவோ.

போன மாதக் கூட்டத்துக்கு அந்தத் துணியைக் கொண்டுபோனேன். சாமியாரும் இருந்தார். மேசைமேல் விரித்து, என் சின்னக் கத்தரியால் லீலிப் பூவைத் தையல் தையலாகப் பிரித்தேன். புரை விழுந்த கண்ணுக்கு அது நீண்ட வேலை. கருகல் தெரிந்ததும், இது எப்படி வந்தது, எப்படி மறைத்தேன், என் பிள்ளையை எதற்காக அறைந்தேன், இரண்டு வருடத்துக்கு முன் அவன் உண்மையில் என்ன செய்தான், அவனைச் சப்பரம் தூக்கவிடாமல் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்று எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். என்னை ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சபைத் தலைவி செசிலி, உனக்குத் தெரியும், எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்பவள், துணியைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"இதுக்கா அக்கா இத்தினி வருசம் வயித்துல நெருப்பக் கட்டிகினு இருந்த?" என்றாள். "போன ஈஸ்டருக்கு நான் இதுமேல மெழுகக் கொட்டிட்டு, திருப்பிப் போட்டுட்டேன். நீ பாக்கவேல்ல. உனக்குக் கண்ணு போச்சுன்னு அப்பவே தெரியும், சொன்னா கடிப்பியேன்னுதான் சொல்லல."

அதற்குப் பிறகு ஒருத்தி பூச்சாடியை உடைத்ததைச் சொன்னாள். இன்னொருத்தி ஈஸ்டருக்கு ஏற்றும் பாஸ்கு மெழுகுதிரியைக் கீழே போட்டு ஒட்டவைத்ததைச் சொன்னாள். சாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். கருகிய இடத்தில் ஒட்டுப் போட்டால் துணி இன்னும் பத்து வருடம் வரும், ஒட்டு தெரிந்தால் தெரியட்டும் என்றார். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பதினெட்டு வருடம் நான் கட்டிக் காத்த பாவம் இவ்வளவுதானா என்று. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை அவிழ்த்துச் செசிலியிடம் கொடுத்தேன். கறை எது, நிழல் எது என்று தெரியாத கண்ணுக்கு அந்த வேலை எதற்கு? அன்று மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தவள், சாயங்கால மணி அடிக்கும்வரை தூங்கினேன். இப்படிப் பகலில் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைவில்லை.

ஒரு விஷயத்தில் சந்தேகம் வேண்டாம். நான் மாறிவிட்டேன் என்று நினைத்து நீ அழுக்குச் சட்டையோடு வந்து நின்றால் இன்றும் திட்டுவேன். எழுத்துப்பிழையும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும், பெரிய எழுத்தாக இருந்தால். ஆனால் நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் வந்து, உன் பிள்ளை எதையாவது கெடுத்துவிட்டு உன் முன்னால் வந்து நிற்கும்போது, முதலில் கறையைப் பார்க்காதே. என்ன நடந்தது என்று கேள். பதிலை முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு கோபப்படு, நேரம் இருக்கும். நான் உனக்குச் சொல்லத் தகுதியுள்ள புத்திமதி இது ஒன்றுதான், ஏனென்றால் இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திருநாளுக்கு வா என்று நான் கூப்பிடப்போவதில்லை. சாமியார் தனியாக எழுதுவார், முன்பக்க வலது தோளைப் பற்றி. வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கேட்பது வேறு. அன்று நடந்ததை ஏழுமலை சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் வாயால் கேட்கவில்லை. வெயிலில் அந்த டிரம்மைப் பார்த்தபோது உனக்கு என்ன தோன்றியது, எண்ணூர்ச் சாலையில் போகும்போது பயமாக இருந்ததா, வீட்டுக்கு வந்து அந்தத் தாளை என் முன்னால் வைத்தபோது என்ன சொல்ல வாயெடுத்தாய் என்று எதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் தாமதமாகக் கேட்கிறேன். அன்று என்ன நடந்தது? நலம் என்று ஒரு வரி போதாது. கடிதத்தாளில், உன் கையெழுத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தாக, முழுவதையும் எழுதிப் பதில் போடு.

அம்மா